கொஞ்சம் திட்டுங்க ஆன்ட்டி

ஒன்றே கால் ஆகிறது, மணி அடிக்கவில்லை, ஆனால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். யாரும் கை தட்டவில்லை, யாரும் தலை அசைக்கவில்லை. சாப்பாட்டு அறையின் ஆறு நீள மேசைகளிலும் பேச்சு நின்றது, நூறு பெண்கள் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள், நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லை. குனிந்து பார்த்தேன், ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கும் கம்பளித் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குச் சாக்ஸ் போட்ட மாதிரி. என்ன அக்கறை, அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அந்த மீனின் மேல் காட்டியிருக்கலாம், உப்புப் போடாமல் சமைப்பதை ஒரு ஒழுக்கமாகவே வைத்திருக்கிறார்கள். என்னுடைய ஸ்பூன் மட்டும் தட்டில் பட்டு டங் என்றது. நூறு தலையும் திரும்பியது, நூறு முகமும் சிரித்தது, ஒரே அளவுச் சிரிப்பு, அளவுக் கரண்டியில் அள்ளி வைத்தது போல. இந்த நூறில் ஒன்று என் பெண். எது என்று தெரியவில்லை. பதினோரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், இந்தப் பள்ளியின் வழக்கம் அது, சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் இங்கே மாணவியாக இருந்து பார்க்க வேண்டுமாம், அவர்களுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவர்களுடைய வகுப்பில் உட்கார்ந்து, அவர்களோடு சாப்பிட்டு. அம்மாக்காரி அதுவரை குறுக்கே வரக் கூடாது. நாலு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் சந்திக்கலாம், அங்கே நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் சம்யுக்தாவை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறித் திருச்சிக்குத் திரும்புவேன். பெட்டி வரவேற்பறையில் தயாராக இருக்கிறது, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அடுத்த ஏழு வருஷத்துக்கு முதல் தவணையாக ஒரு பெட்டி.

எப்படி எழுந்தீர்கள் என்று என்னைச் சுற்றிக் காட்ட வந்த பெண்ணைக் கேட்டேன். ஃப்ளோரா என்று பெயர், பதினாலு வயது, முட்டை ஓட்டுக்குள்ளே விளக்கு வைத்தது மாதிரி வெளுப்பு. என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அவள் ஆச்சரியப்படுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், ஐரிஷ் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் ஊட்டிய இங்கிலீஷ், சாதாரணமா. அவள் ஆச்சரியப்படவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவள் ஸ்பூனைக் கீழே வைத்ததும் எல்லோரும் எழுவோம், அதுதான் இங்கே முறை என்றாள். இன்று கடைசி யார் என்று கேட்டிருக்கவே வேண்டாம். புதுப் பெண் என்றாள், அதே சிரிப்போடு. அரை இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என் பெண், விரலால் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி, ஜன்னலைப் பார்த்து, சட்னியில் படம் போட்டு. அவளை நூறு பேர் தங்களுக்குள் பேசுவது போலப் பேசிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம். யாரும் ஒன்றும் சொல்லாமல். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனில்டா பின்னால் வந்து நின்று காது மடலைத் திருகுவார், வலிக்கும், அழுவோம், முடிந்தது, மதியம் மறந்துவிடும். இந்த மாதிரி நூறு பேர் சிரித்துக்கொண்டு காத்திருந்தால் எந்தக் காதைத் தடவிக்கொள்வது.

கட்டடம் அந்தக் காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாம். அதனால்தான் இத்தனை ஜன்னல், அதனால்தான் தாழ்வாரம் ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. நோயாளிகள் உரக்கப் பேசினால் இருமல் வரும் என்று அப்போது போட்ட சட்டம், தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும் என்று. பள்ளிக்கூடம் ஆன பிறகும் எடுக்கவில்லை, நல்ல சட்டம்தானே என்று வைத்துக்கொண்டார்களாம். எழுபது வருஷமாக இந்தச் சுவருக்குள் யாரும் கத்தியதில்லை, இதை ஃப்ளோரா பெருமையாகச் சொன்னாள். அவள் நடக்கும்போது சத்தம் வரவில்லை. என் செருப்பு மட்டும் டக் டக்கென்று, பத்தடி பின்னால் இன்னொருத்தி நடந்து வருவது போல எதிரொலி, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். உனக்கு இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பழகிவிடும் என்றாள். நான் கேட்டது அதில்லையே என்று நினைத்தேன். வேதியியல் கூடத்தில் ஒரு பெண்ணைக் கேட்டேன், வேறு நிறம், வேறு நாடு, வேறு மூக்கு. பழகிவிடும் என்றாள். நூலகத்தில் ஒரு குட்டிப் பெண், பல் விழுந்து புதுப் பல் பாதி முளைத்தது, அவளும் அதையே, அந்தப் பல்லோடு. யாரோ எழுதிக்கொடுத்தது மாதிரி இல்லை, அதுதான் பயமாக இருந்தது, ஒவ்வொருத்தியும் அப்போதுதான் யோசித்துக் கண்டுபிடித்தது மாதிரிச் சொன்னார்கள். ஊரில் பால்காரரிடம் பத்து நாள் வேண்டாம் என்று சொன்னேனா. சொன்னேன். சொன்ன மாதிரி நினைப்பு. வாசலில் பத்துப் பாக்கெட் பால் வரிசையாக, வெயிலில், உப்பி. என் வீட்டுக்காரர் எடுத்து வைக்கமாட்டார், அவருக்குப் பால் தானாக ஃபிரிட்ஜுக்குள் சுரக்கிறது என்று எண்ணம்.

இரண்டு மணிக்கு அவர்கள் முற்றத்தில் வரிசையாகப் போனார்கள், நான் மாடி ஜன்னலில் நின்றேன். மழை என்று சொல்ல முடியாது, காற்றிலேயே தண்ணீர் கலந்திருந்தது. சாம்பல் ஸ்வெட்டர், சாம்பல் ஸ்வெட்டர், சாம்பல் ஸ்வெட்டர். நான் தேடியது அந்த ஒற்றைப் பின்னலை. காலையில் ஹோட்டலில் என் கையால் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியது, ஆட்டாதே ஆட்டாதே என்று சீப்பால் மண்டையில் ஒன்று வைத்து. பின்னல் இல்லை. எல்லோருக்கும் கழுத்துக்கு மேலே சின்னக் கொண்டை, நூறு கொண்டை. கறுத்த முடியாகப் பார்த்தேன், பதினெட்டு. நடையைப் பார்த்தால் தெரிந்துவிடும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து, செருப்பைத் தேய்த்து, அந்த நடைக்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள். யாரும் தேய்க்கவில்லை. மறுபடி எண்ணினேன், பதினேழு. ஒருத்தி இவள்தான் என்று தோன்றியது, தோள் அப்படியே, ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன், அவள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள், சீனப் பெண். ஆனால் தயங்காமல் கையசைத்தாள், நான் அவளுடைய அம்மாதான் என்பது மாதிரி. அப்புறம் அவளுக்குப் பின்னால் வந்தவளும் அசைத்தாள், அதற்குப் பின்னால் வந்தவளும். வரிசை முழுக்க ஒவ்வொன்றாக என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனது, அதில் ஒரு கை நான் பெற்ற கை, எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியும், வாசனையிலேயே தெரியும் என்று ஊரில் பேசுகிறார்கள். தெரியவில்லை. மூன்று மணி நேரத்தில், ஒரு ஸ்வெட்டரில், ஒரு கொண்டையில்.

இத்தனைக்கும் யார் கேட்டது இந்தப் பள்ளியை. இவர் கேட்கவில்லை, இங்கேயே நம்மூரில் என்ன குறை என்றார், மாமியார் மூக்கைச் சிந்தினார், சம்யு ஒன்றும் சொல்லவில்லை, அவள் எப்போது சொல்லியிருக்கிறாள், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பதிலைச் சொல்லி முடித்து அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். நான்தான் கேட்டேன். படிப்பு, பழக்கவழக்கம், உலக அறிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், அதில் பாதி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதி என்னவென்றால், போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளி வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், இவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு முயல் காது, இன்னொரு முயல் காது என்று வளையம் போட்டு, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, நாலாவது தடவை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். நான் கத்தியது என்னவென்று எனக்கு நினைவில்லை. உன்னைப் பெத்த நேரத்துக்கு என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. முடிந்தபோது எதிர் பிளாட் கதவு கொஞ்சம் திறந்து மூடியது, வேன் போய்விட்டது, இவள் என்னைப் பார்க்கவில்லை, லேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உதடு அசைந்தது. சாரி, சாரி, சாரி என்று சத்தமே இல்லாமல். எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறாள் என்று தெரியாது, அன்றுதான் பார்த்தேன். அன்று மதியம் கம்ப்யூட்டரில் தேடினேன், தூரமாக, நல்லதாக, நான் இல்லாத இடமாக. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நல்லவள் என்பார்கள், அதற்குக் கெட்டவள் என்றே இருந்துவிட்டுப் போகலாம். அப்படியானால் இந்த இடம்தானே சரி, ஹேமலதா, யாரும் கத்தாத இடம், கேட்டது கிடைத்துவிட்டது, கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பு. அப்புறம் எதற்கு ஜன்னலைவிட்டு நகராமல் நிற்கிறாய்.

ஃப்ளோரா என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். நோயாளிகளுக்கு வெயில் காட்டிய அறையாம், இப்போது வெயிலும் இல்லை நோயாளியும் இல்லை, பிரம்பு நாற்காலிகள் மட்டும் தோட்டத்தைப் பார்த்து வரிசையாக, உட்கார்ந்திருந்தவர்கள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி. நான் கண்ணை மூடினேன் போல. திறந்தபோது எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக நின்றாளோ. நம்மூர் முகம், கன்னத்தில் பரு. ஒரு நொடி சம்யுதான் என்று எழுந்துவிட்டேன். இல்லை, இவள் உயரம். என் பேரு பார்கவிங்க ஆன்ட்டி, ஈரோடு என்றாள். தமிழ் அவள் வாயில் புதுச் செருப்பு மாதிரிக் கடித்தது. மூன்று வருஷமாக இங்கே இருக்கிறாளாம், அப்பாவும் அம்மாவும் துணி வியாபாரமாம், போன விடுமுறைக்கும் போகவில்லையாம். நான் வழக்கமாகக் கேட்பதை எல்லாம் கேட்டேன், சாப்பாடு எப்படி, குளிர் எப்படி. எல்லாவற்றுக்கும் பழகிவிடும் என்பதைத் தமிழில் சொன்னாள், பழகிருங்க ஆன்ட்டி. பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு உதவி என்றாள். ஃபோன் கேட்பாள், இல்லை முறுக்கு கேட்பாள் என்று கைப்பையைத் திறந்தேன்.

"என்னைக் கொஞ்சம் திட்டுங்க ஆன்ட்டி."

என்ன என்றேன்.

"சும்மா, கொஞ்சம். தமிழ்ல. அம்மா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பேசுவாங்க. அதுல எப்படித் திட்டுவாங்க? தங்கம், கண்ணுன்னு கொஞ்சிட்டு வெச்சிருவாங்க. விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி." அவள் சிரிக்கவில்லை. "இங்க மிஸ் யாரும் திட்ட மாட்டாங்க. தப்புப் பண்ணினா உட்கார வெச்சு, உனக்கு எப்படித் தோணுதுன்னு கேப்பாங்க. எனக்கு ஒண்ணும் தோணலை ஆன்ட்டி. மூணு வருஷமா ஒண்ணும் தோணலை."

பைத்தியமா இந்தப் பெண் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி முகத்தை நீட்டி நின்றாள், என் கண் தானாக அவளை மேலிருந்து கீழே பார்த்தது, அது என் கண்ணின் பழக்கம், யாரையும் முதலில் குறை சொல்லவே பார்க்கும். என்னடி தலை இது, காக்கா கூடு கட்டினா இதைவிட லட்சணமாக் கட்டும் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், இடத்துக்கு மரியாதை கொடுத்து. அவள் கண் அகலமாயிற்று. ஒரு சாக்ஸ் மேலே, ஒரு சாக்ஸ் கீழே, கண்ணாடி பார்க்கிறதே இல்லையா, முகத்துல பரு வந்தா கிள்ளாதேன்னு எத்தனை தடவை சொல்றது, நகத்தைப் பாரு, வெட்டாம வளர்த்து யாரைப் பிறாண்டப் போறே, நிமிர்ந்து நில்லு, கூன் விழுந்த கிழவி மாதிரி, அம்மா கூப்பிட்டா நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிடறே, அங்க ஒருத்தி வாரம் பூரா அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கிறா, ஞாபகம் இருக்கா உனக்கு, நெஞ்சுல ஈரம் இருக்கா. எப்போது குரல் ஏறியது என்று தெரியவில்லை. கண்ணாடிகள் அதிர்ந்தன. எழுபது வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் வந்தது, மூக்கு விடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டி வழிந்தது, அவள் துடைக்கவில்லை, நாக்கை நீட்டி மேல் உதட்டில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தேன், கதவருகில் இன்னும் ஐந்தாறு பேர். எப்போது வந்தார்கள், எப்படி வந்தார்கள், ஒரு காலடி கேட்கவில்லை. பல் முளைக்கும் குட்டிப் பெண் இருந்தாள், கையசைத்த சீனப் பெண் இருந்தாள். ஒரு எழுத்து புரிந்திருக்காது. யாரும் சிரிக்கவில்லை, முதல் தடவையாக அந்தச் சிரிப்பு இல்லாமல் பார்க்கிறேன், சிரிப்பை எடுத்துவிட்டால் அதற்கு அடியில் முகமே வேறு, ஒவ்வொன்றும் வேறு வேறு, பசித்த முகங்கள். ஃப்ளோரா முன்னால் வந்தாள். பார்கவி நின்ற இடத்தில் வந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தயவுசெய்து, உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசை ஆனார்கள், சத்தமில்லாமல், உயரப்படி. கான்வென்ட்டில் நற்கருணை அப்பத்துக்கு இப்படித்தான் நாக்கை நீட்டத் தயாராகி வரிசையாய் நிற்பார்கள், நான் ஓரமாய் நின்று பார்ப்பேன். ஒரு அடி பின்வாங்கினேன். கூடவே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பார்த்தாயா, இதற்கு எத்தனை ஏக்கம். நான் விஷம் என்று நினைத்துப் பெண்ணை இத்தனை தூரம் கொண்டுவந்தேனே, இங்கே இதை மருந்து மாதிரிக் கேட்கிறார்கள். என் பெண் இந்த வரிசையில் வந்து நிற்க ஒரு வருஷம்தான் ஆகும், யாரோ ஒரு விருந்தாளி முன்னால், கொஞ்சம் திட்டுங்க ஆன்ட்டி என்று. கைப்பையை எடுத்துக்கொண்டு ஃப்ளோராவைத் தாண்டி வெளியே வந்தேன். மணி மூன்று ஐம்பது.

தலைமையாசிரியையின் அறையில் படிவம் மேசைமேல் இருந்தது, பேனா அதற்கு இணையாக. சம்யு உள்ளே வந்தாள், சத்தமில்லாமல், கொண்டையும் ஸ்வெட்டருமாக, ஒரு கணம் வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டது தலைமையாசிரியை, நான் இல்லை. நன்றாக இருந்தது என்றாள் தாழ்ந்த குரலில், முழு வாக்கியமாக, அதற்கு மேல் இன்னொரு வாக்கியமும் சொன்னாள், சாப்பிடும்போது எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று. அதை அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் அதைக் கேட்டேன், கேட்டுவிட்டு என் பாட்டுக்குச் சொன்னேன், மன்னிக்க வேண்டும், என் பெண்ணை இங்கே விடப்போவதில்லை. நிச்சயமாக, உங்கள் விருப்பம் என்றார் அந்த அம்மாள், தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று நான் சொன்னது மாதிரி. சம்யு ஸ்வெட்டரைக் கழற்றினாள், கைகளை உள்ளே மடித்து, நாலாக மடித்து, மேசையில் வைத்தாள். நன்றி என்று தலைமையாசிரியையிடம் சொன்னாள். அழுவாள் என்று பார்த்தேன், சந்தோஷத்தில் என் கையைப் பிடிப்பாள் என்று பார்த்தேன். தாழ்வாரம் முழுக்க என்னோடு சமமாக நடந்தாள், செருப்பைத் தேய்க்கவில்லை, டக் டக் என்று என் சத்தம் மட்டும், நான் ஒரு நிழலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தோன்றியது. விமானத்தில் இட்லி கொடுக்கமாட்டார்கள், பிரெட்தான், ஊருக்குப் போனதும் முதல் வேலையாக தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே போனேன், பேச்சை நிறுத்தினால் என்ன வரும் என்று தெரியாமல்.

டாக்ஸிக்காரன் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைக்கப் போனான். சம்யு பெட்டியின் பிடியை விடவில்லை. ஏறுடி, குளிருது என்றேன். அவள் ஏறவில்லை.

"நீ என்னைக் கேக்கவே இல்ல."

என்ன கேக்கணும் என்றேன்.

"இருக்கியா, வரியான்னு. ஒரு வார்த்தை." குரல் தாழ்ந்துதான் ஆரம்பித்தது. பிறகு தாழ்ந்திருக்கவில்லை. "வரும்போதும் கேக்கல, இப்பவும் கேக்கல. எனக்கு இங்க பிடிச்சிருந்துதும்மா. காலையில இருந்து நான் ஒரு தடவைகூட சாரி சொல்லல, ஒரு தடவைகூட. உனக்குத் தெரியுமா அது எப்படி இருக்கும்னு? அந்த அக்காவை நீ திட்டினியாம், அவளுக்கு அழுகை வந்துச்சாம், சந்தோஷமா இருந்துச்சாம், எல்லாரும் சொல்றாங்க. அவளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. என்னிக்குமே பிடிச்சதில்ல. அவ்ளோ ஆசையா இருந்தா அவளைக் கூட்டிட்டுப் போ!"

இந்தக் குரல் இவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. என் குரல்தான், அப்படியே, ஒரு சுருதி மேலே. முற்றத்துச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. மேலே ஒரு ஜன்னல் திறந்தது, அப்புறம் இன்னொன்று, அந்த ஆஸ்பத்திரியின் அத்தனை ஜன்னலும் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், சாம்பல் ஸ்வெட்டர்கள், கொண்டைகள், யாரும் கையசைக்கவில்லை. நடு ஜன்னலில் பார்கவியின் உதடு அசைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஃப்ளோரா அவள் வாயருகே காதை வைத்திருந்தாள், பார்கவி வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்க்கிறாள், நூறு பேருக்கு நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டிருக்கிறது. பதில் என்னிடம் வரிசையாக வந்து நின்றது, எப்போதும் போல, கூர்மையாக, நீ என்னடி தெரிஞ்சு பேசுற, உனக்காகத்தானே. வாய்வரை வந்தது. டாக்ஸிக்காரன் தன் கடிகாரத்தைப் பார்த்தான். சம்யு மூச்சு வாங்க நின்றாள், மூக்கு சிவந்து, கொண்டை ஒரு பக்கம் சரிந்து, பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் பெண், ஆயிரத்தில் நிறுத்தினாலும் இப்போது தெரியும்.

"முடிச்சிட்டியா?" என்றேன்.

"இல்ல."

டாக்ஸிக்காரனிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்தேன், புடவை நனைந்தது.

"சரி, சொல்லு."